காப்புக் கட்டிக்கொண்ட ஆள்காட்டி

பினாங்கில் கப்பலை விட்டு இறங்கியவர்கள் எல்லோரும் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். நான் மட்டும் பம்பையோடு நின்றேன். சுங்க அதிகாரி மலாய்க்காரர், பொறுமைசாலி. இரட்டை மேளத்தை வாழ்நாளில் அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. தட்டினார், குலுக்கினார், மோந்துகூடப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். சத்தம்தான் இருக்கிறது என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. அப்படியானால் வாசித்துக் காட்டு என்றார்.

எனக்கு வாசிக்கத் தெரியாது. எனக்குப் பின்னால் நின்ற திருவாரூர்க்காரர் ஒருவர் "குடுங்க சார்" என்று வாங்கி, தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி அடிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் வரிசையில் நின்ற ஓர் அம்மாளுக்குச் சாமி வந்துவிட்டது. கொண்டை அவிழ்ந்தது, ஊறுகாய் ஜாடி உருண்டது, "எனக்கு ஏன்டா கெடா வெட்டலை" என்று அம்மாள் சுங்க அதிகாரியைப் பார்த்துக் கேட்டாள். அவர் பக்கத்து மேசைக்காரரிடம் மலாயில் என்னவோ சொன்னார். "இவங்களை முதல்ல வெளியே அனுப்பு, நான் இன்னும் சாப்பிடலை" என்று சொன்னதாக ஒருவர் எனக்கு மொழிபெயர்த்தார். எங்கள் சாமான்கள் எல்லாவற்றிலும் சாக்கட்டியால் கோடு விழுந்தது. அந்த அம்மாளின் முதுகிலும் ஒரு கோடு விழுந்ததை நான் பார்த்தேன்.

என்னைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் நான் உதவியாளன். மாணவர்கள் அறுப்பதற்குத் தவளைகளை மயக்கிக் கொடுப்பது வேலை. குளிர்காலத்தில் கோடியக்கரைக்குப் பறவை ஆராய்ச்சிக்காரர்கள் வருவார்கள். உள்ளான்களை வலை வைத்துப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விடுவார்கள். பிடித்த பறவைகளைப் போட்டு வைக்கும் துணிப்பைகளைத் தூக்கிக்கொண்டு சேற்றில் அவர்கள் பின்னால் நான் நடப்பேன். என் அத்தை மகன் முனியாண்டி மலேசியாவிலிருந்து ஒரு முறை ஊருக்கு வந்தபோது இதைப் பார்த்தான். அதோடு மறந்திருப்பான் என்றுதான் நினைத்தேன்.

இந்த வருடம் சித்திரை நெருங்கும்போது அவனிடமிருந்து ஆள் மூலம் தகவல் வந்தது. அவன் பிறந்த ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் பம்பை கிழிந்துவிட்டதாம். தீமிதிக்குள் புதிதாக ஒன்று வேண்டுமாம். வந்து கொடுத்துவிட்டு ஊரையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போ என்றான். பம்பைக்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பிக் கிளம்பினேன்.

ஈப்போ பஸ்ஸில் பம்பைக்கும் ஓர் அரை டிக்கெட் கேட்டார் கண்டக்டர். வாங்கினேன். டிக்கெட் எடுத்த பயணி என்ற முறையில் அதற்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது, நான் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் பஸ் கிளம்பிய பிறகுதான் ஏறுவார்கள். இங்கே எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகும் பஸ் கிளம்பவில்லை, டிரைவர் இறங்கிப் போய் ஒரு பை ரம்புத்தான் பழம் வாங்கி வந்தார். முன்னால் இருந்த சீனக் கிழவர் அதில் ஒரு கொத்தை உரிமையோடு எடுத்துக்கொண்டார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். வழியெல்லாம் ரப்பர் மரங்கள், பிறகு வெட்டிப் போட்ட ரப்பர் மரங்கள், பிறகு முழங்கால் உயரச் செம்பனைக் கன்றுகள். ஈப்போ வந்ததும் சுண்ணாம்புக் குன்றுகள் நட்ட நடு ஊரில் எழுந்து நின்றன. அவற்றின் குகைகளில் கோயில்கள் இருப்பதாகச் சொன்னார்கள். மறுநாளே பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். இன்றுவரை பார்க்கவில்லை.

பஸ் நிலையத்தில் முனியாண்டி இல்லை. அவன் மனைவி சரசு ஒரு சின்ன மோட்டார் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தாள். ஈப்போவின் புந்தோங் பேட்டையில் கடலையும் முறுக்கும் போடும் ஒரு பட்டறையில் அவளுக்கு வேலை. அவள் மேலிருந்தே பசியைக் கிளப்பும் வாசம் வந்தது.

"அவரு காப்புக் கட்டியிருக்காருண்ணே. திருவிழா முடியுற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்ட முடியாதுலா. ஏறுங்க."

முதலில் சாப்பிட வேண்டும் என்றேன். ராமநாதபுரத்து மரைக்காயர் ஒருவர் நடத்தும் கடைக்கு அழைத்துப் போனாள். மாவைத் துணி உதறுவதுபோல் காற்றில் வீசி மெல்லிசாக்கி, மடித்துச் சுடும் ரொட்டி. "முட்டை போடவா, கோசோங்கா?" என்று கேட்டார் மரைக்காயர். கோசோங் என்றால் வெறும் ரொட்டி. முட்டையே போடுங்கள் என்றேன். சரசு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"நல்லாச் சாப்பிடுங்கண்ணே. அங்க போனா முட்டைன்ற பேச்சே எடுக்காதீங்க."

காப்புக் கட்டிய ஊரில் கவுச்சி ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவள் குரல் அதைவிடப் பெரிய விஷயத்தைச் சொல்வதுபோல இருந்தது. அப்போதுதான் அவள் கழுத்தைக் கவனித்தேன். தாலிக்கொடியோடு சேர்த்து ஒரு லாரிச் சாவி தொங்கியது.

சாவியின் கதையை அவள் வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னாள். எங்கள் இருவருக்கும் நடுவில் பம்பை இருந்ததால் பாதி காதில் விழவில்லை, சுங்கை சிப்புட் போய்ச் சேர்வதற்குள் எப்படியோ முழுசாகத் தெரிந்துகொண்டேன். முனியாண்டி ஒரு சீன முதலாளியிடம் லாரி ஓட்டுகிறான். இரண்டு வருடத்துக்கு முன்னால் கோப்பெங் பக்கத்தில் மழையில் சறுக்கி, ஈயம் தோண்டிவிட்டுப் போன பெரிய குட்டை ஒன்றுக்குள் லாரி போய்விட்டது. கதவு திறக்கவில்லை. தண்ணீர் மூக்கு வரை வந்தபோது, பிழைத்தால் தீ மிதிக்கிறேன் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டான். கண்ணாடி உடைந்தது. பிழைத்தான்.

"மொத வருஷம் காய்ச்சல்னாரு. போன வருஷம் செருப்புக் கடிச்சிருச்சுன்னாரு. நானும் நெருப்புக்குப் பயப்படறாருன்னுதான் நெனச்சேன்" என்றாள் சரசு. "அப்புறந்தான் புரிஞ்சது. தீ மிதிக்கிறதுக்கு முன்னால ஆத்துல முங்கி எழுந்திரிச்சு வரணும்லா. அந்த ஆத்துக்குத்தான் பயம். இப்ப வீட்டுலயே கோலாத் தொட்டியில குளிக்க மாட்டாரு, ஒரு குவளையில மோந்து மோந்து ஊத்திக்குவாரு. கோப்பெங்குக்கு லோடு போட்டா குட்டை இல்லாத ரோடு தேடுவாரு. அந்தப் பக்கம் குட்டை இல்லாத ரோடு ஏதுண்ணே?"

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. திருவிழாவுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் லாரி வேறு ஆளுக்கு. அதனால் சரசு சாவியைப் பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். வேண்டுதலை முடித்தால்தான் சாவி. முனியாண்டியும் இந்த முறை பூசாரியின் கையில் காலில் விழுந்து, ஆற்று நீரை வாளியில் கொண்டுவந்து தலையில் ஊற்றிக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டான். எல்லாம் சரியாக வந்தது.

"அப்புறம் என்ன?" என்று கத்தினேன்.

"அப்புறம்தான் அந்தக் குருவி வந்து ஒக்காந்துச்சு" என்று அவளும் கத்தினாள்.

தோட்டத்தில் பாதிக்கு மேல் ரப்பரை வெட்டிவிட்டார்கள். மேட்டுச் சரிவு மொட்டையாக, செம்மண்ணாகக் கிடந்தது. அதன் அடிவாரத்தில் தகரக் கூரை போட்ட கோயில். கோயிலுக்கு எதிரே, வருடா வருடம் தீமிதிக் குழி வெட்டும் இடம். பழைய சாம்பலும் சரளையும் கலந்த வெட்ட வெளி. அதன் நட்ட நடுவே ஓர் ஆள்காட்டிப் பறவை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, அதில் மஞ்சள் தோய்த்த கயிறும் வேப்பிலையும் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் அரிசி மாவுக் கோலம்.

எனக்கு அந்த ஆள்காட்டியைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம் வந்தது. எங்கள் கோடியக்கரைக்கு ஆயிரக்கணக்கில் வரும் உள்ளான்கள் முட்டையிடுவது வடக்கே எங்கோ பனிப் பிரதேசத்தில். எங்களிடம் சாப்பிட மட்டும் வரும், தலைதீபாவளி மாப்பிள்ளைகள் மாதிரி. ஆள்காட்டி அப்படியில்லை, இருக்கிற ஊரிலேயே குடும்பம் நடத்துகிற பறவை. கூடு என்று ஒன்றும் கட்டாது. வெறுந்தரையில் கொஞ்சம் பள்ளம் பறித்து நாலு முட்டை. மண்ணும் கருப்பும் கலந்த புள்ளி போட்ட முட்டை, சரளையில் கிடந்தால் மிதிக்கிற வரைக்கும் தெரியாது. பழைய தீமிதிக் குழியின் சாம்பலைவிட நல்ல இடம் அதற்குக் கிடைக்காது. பறவை புத்திசாலித்தனமாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தது. அம்மன் சந்நிதி என்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை.

"மச்சான், வந்துட்டியா" என்று முனியாண்டி ஓடி வந்து கட்டிக்கொண்டான். பம்பையை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கூட்டம் என்னைத்தான் பார்த்தது. "இவருதான் அந்தப் பறவை டாக்டரு" என்று அவன் எல்லோருக்கும் அறிமுகம் செய்தான். தவளை என்று நான் ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை.

நடந்தது என்னவென்று பூசாரி காத்தமுத்து சொன்னார். ஒல்லியான மனிதர், வாயில் எப்போதும் வெற்றிலை. மூன்று வாரத்துக்கு முன்னால், காப்புக் கட்டும் நாள் காலையில் குழி வெட்டும் இடத்தைச் செதுக்கப் போயிருக்கிறார்கள். மண்வெட்டி பக்கத்தில் போனதும் பறவை எழுந்து, கோயில் வாசலில் விழுந்து, ஒரு சிறகைத் தரையில் இழுத்து இழுத்து உருண்டு, தலையை ஆட்டி அலறியிருக்கிறது.

"நான் எத்தனை பேருக்குச் சாமி வந்து பாத்திருக்கேன். இது அசல்லா" என்றார் பூசாரி. "யாரும்மா நீ, என்னா வேணும்னு கேட்டேன். பதிலு சொல்லலை. திருநீறு போட்டேன். ஒடனே எந்திரிச்சு பறந்துருச்சு. அப்புறம் பாத்தா முட்டை. சரி, ஆத்தா முடிவு பண்ணிட்டான்னு குச்சி நட்டு காப்புக் கட்டிட்டேன்."

ஆள்காட்டி சிறகொடிந்ததுபோல் நடிப்பது, குஞ்சையும் முட்டையையும் விட்டு எதிரியைத் தன் பின்னால் இழுத்துப் போவதற்கு. நரியிடம் அப்படித்தான் நடிக்கும், நாயிடமும் அப்படித்தான். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். பூசாரியின் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

காப்புக் கட்டிய பிறகு பறவையும் திருவிழாவில் ஓர் ஆள். அதைக் கலைக்கக் கூடாது, முட்டையை நகர்த்தக் கூடாது. குழியையும் நகர்த்தக் கூடாது, அம்மனின் நேர்ப் பார்வையில்தான் வெட்ட வேண்டும். கோயில் தலைவர் ரெங்கசாமி, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், இந்த மூன்றையும் என் முன்னால் விரல் விட்டுச் சொல்லிவிட்டு, "டாக்டர் ஒரு முடிவு சொல்லணும்" என்று உட்கார்ந்துவிட்டார். முனியாண்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சரசு கழுத்துச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

முட்டை பொரிக்க எத்தனை நாள் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதற்கு முட்டையைத் தொட வேண்டும். காப்புக் கட்டியவர்தான் தொடலாம் என்றார் பூசாரி. சரி என்று கையை நீட்டினேன். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிய பிறகு, "இனிமே எல்லையைத் தாண்ட முடியாதுலா மச்சான்" என்றான் முனியாண்டி. ஈப்போ குகைகள் என் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

இரண்டு ஆள்காட்டிகளும் தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்தன. ஒருவர் எனக்குக் குடை பிடிக்க, ஒரு முட்டையை எடுத்து, கோயில் கண்ணாடித் தம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதில் விட்டேன். கோடியக்கரை ஆராய்ச்சிக்காரர்களிடம் கற்றுக்கொண்டது. புது முட்டை அடியில் படுக்கும். நாளாக ஆக உள்ளே காற்றறை பெரிதாகி எழுந்து நிற்கும். பொரிக்கப் போகிற முட்டை மிதந்து, தலையை வெளியே நீட்டும். இது மிதந்தது.

"முட்டை நிக்குது" என்றாள் ஒரு பெண். குலவை எழுந்தது. நான் முட்டையைத் துடைத்துத் திரும்ப வைத்துவிட்டு வருவதற்குள் தம்ளருக்குக் குங்குமப் பொட்டு வைத்து உள்ளே கொண்டு போய்விட்டார்கள். அந்தத் தண்ணீரைப் பிறகு தீர்த்தமாகக் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள், குடித்தேன்.

தீமிதிக்குள் பொரித்துவிடும் என்றேன். பொரித்த அன்றே குஞ்சுகள் எழுந்து நடந்துவிடும் என்பதையும் சொன்னேன். காக்கைக் குஞ்சு மாதிரி வாயைத் திறந்துகொண்டு கூட்டில் கிடக்காது. "பொறந்த அன்னிக்கே நடக்குமா?" என்று தலைவர் நம்பாமல் கேட்டார். "நம்ம கமிட்டியில இருக்குறவங்க மீட்டிங்குக்கு எந்திரிச்சு வர அரை நாள் ஆகுது" என்றார் பூசாரி. அவர்கள் இருவருக்கும் ஆகாது.

தகரக் கொட்டகையில் கூடிப் பேசினார்கள். குழியைச் சரியான இடத்திலேயே வெட்டுவது, பறவை இருக்கும் இடத்தை மட்டும் நடுவில் திட்டாக விட்டுவிடுவது, குஞ்சுகள் இறங்கிப் போனதும் திட்டை வெட்டி எறிந்துவிட்டு விறகை அடுக்கிக் கொளுத்துவது என்று முடிவானது. அப்படியே வெட்டினார்கள், கொஞ்சம் கொஞ்சமாக, பறவை பழகப் பழக. வழக்கத்தைவிட ஆழமாகப் போய்விட்டது, தலைவர் ஒரு பக்கமும் பூசாரி ஒரு பக்கமும் நின்று மேற்பார்வை பார்த்ததால். முடிந்தபோது நீளமான குழிக்கு நடுவே ஒரு மண் பீடம், அதன் மேல் ஓர் ஆள்காட்டி, சிலை மாதிரி. குஞ்சுகள் இறங்கி வருவதற்காகத் திட்டிலிருந்து கரைக்கு ஒரு பலகை போட்டு, பெண்கள் அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள்.

மறுநாள் புதுப் பிரச்சினை. வெயில் ஏறியதும் ஆள்காட்டி எழுந்து சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓடைக்குப் போய், வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் உட்கார்ந்தது. வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க அது செய்கிற வேலை. நான் சொக்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் பக்கத்தில் வந்து நின்று, "அந்த ஓடை நம்ம எல்லைக்கு வெளியேலா இருக்கு" என்றார்.

காப்புக் கட்டியது எல்லையைத் தாண்டிவிட்டது. அதுவும் ஒரு நாளைக்குப் பல முறை. இதற்கு என்ன பரிகாரம் என்று மீண்டும் கொட்டகையில் கூடினார்கள். சட்டியில் தண்ணீர் வைத்துப் பார்த்தார்கள், பறவை சட்டியைச் சட்டை செய்யவில்லை. கடைசியில் பூசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "அது வராட்டி எல்லை போகட்டும்." கோயில் பம்பைக்காரர் நான் கொண்டுவந்த பம்பையை முழக்க, வேப்பிலையைக் கட்டிக்கொண்டு போய், ஓடைக்கு அக்கரையில் எல்லையை நட்டுவிட்டு வந்தோம். ஓடைக்கு அக்கரையில் ஒரு சீனரின் காப்பிக் கடை இருந்தது. ஆள்காட்டியின் புண்ணியத்தில் எனக்குத் தினமும் காப்பி கிடைத்தது. கடைக்காரர் தன் கடை ஏன் திடீரென்று கோயில் எல்லைக்குள் வந்தது என்று கேட்டார். விளக்கினேன். "போலே, போலே" என்று, ஆகட்டும் ஆகட்டும் என்பதாகத் தலையாட்டிவிட்டு, அன்று முதல் பன்றி இறைச்சி மணம் வராமல் அடுப்பைப் பின்பக்கம் மாற்றிக்கொண்டார்.

முனியாண்டி ஓடை வரை வந்தான். பாலத்தில் ஏறவில்லை. காப்பியை ஒரு டப்பாவில் வாங்கி வரச் சொல்லிவிட்டு இக்கரையிலேயே உட்கார்ந்தான். "அது எப்படி மச்சான் தெனமும் தண்ணிக்குள்ள எறங்கி எறங்கி வருது" என்று பறவையைப் பார்த்துக் கேட்டான். முட்டைக்காக என்றேன். டப்பாவில் மிச்சமிருந்த காப்பியைக் குடித்தான்.

தீமிதி நாள் விடிந்தபோது முட்டைக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்டது. நான் துள்ளிக் குதித்தேன், சொல்ல வெட்கமில்லை. காலைச் சாப்பாட்டுக்குள் மூன்று குஞ்சுகள் வந்துவிட்டன. உலர்ந்ததும், பஞ்சு உருண்டைக்கு இரண்டு தீக்குச்சி செருகியதுபோல எழுந்து நின்றன. ஆண் பறவை கரையில் நின்று கூப்பிட, பொட்டு வைத்த பலகையைக் கண்டுகொள்ளாமல் ஒவ்வொன்றாகத் திட்டிலிருந்து குதித்து, குழிக்குள் விழுந்து எழுந்து, அம்மன் பக்கத்துச் சரிவில் ஏறி, செம்பனைக் கன்றுகளுக்குள் போய்விட்டன. "முதல்ல எறங்குனவங்க போயாச்சு" என்று பூசாரி கற்பூரம் காட்டினார்.

நான்காவது முட்டையில் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல் மட்டும் விட்டிருந்தது. பெண் பறவை அதைவிட்டு எழவில்லை.

விறகைக் காலையிலேயே கொளுத்தினால்தான் சாயங்காலத்துக்குள் தணலாகும். "டாக்டர், இன்னும் எவ்வளவு நேரம்?" என்று தலைவர் கேட்டார். இதோ என்றேன். திரும்பத் திரும்பக் கேட்டார், திரும்பத் திரும்ப இதோ என்றேன். ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு. விரதமிருந்தவர்கள் ஈர வேட்டியோடு நின்றார்கள். முனியாண்டி வாளித் தண்ணீரைக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, குழியின் தலைமாட்டில், அம்மனுக்கு நேர் எதிரே வந்து நின்றான். உச்சி சாய்ந்தது. மேட்டுக்குப் பின்னாலிருந்து மேகம் வந்தது.

பேராக் மாநிலத்து மழையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் ஊர் மழை தூறும், யோசிக்கும், பிறகு பெய்யும். இது நேராகக் கொட்டியது. பாட்டு நடுவில் செத்தது. மரங்களை வெட்டி மொட்டையாக்கிய சரிவிலிருந்து செந்நீர் இறங்கி, நேரே குழிக்குள் பாய்ந்தது. விறகுக் குவியலின் மேல் போட்டிருந்த தார்ப்பாயைக் காற்று கொண்டு போயிற்று, விறகிலும் சில கட்டைகள் மிதந்து போயின. கொஞ்ச நேரத்தில் தீக்குழி குட்டையாகிவிட்டது. இனி இன்று தீ இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. முனியாண்டியின் முகத்தைப் பார்த்தேன், பார்க்க முடியவில்லை. சரசு கொட்டகையின் ஓரத்தில் சாவியைக் கையில் பொத்திக்கொண்டு நின்றாள்.

திட்டு கரைய ஆரம்பித்தது. ஆள்காட்டி சிறகைக் கொஞ்சம் விரித்து முட்டைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பலகை மிதந்து போயிருந்தது. கயிறு கொண்டு வா என்றார் தலைவர். எந்தக் கயிறு என்று கேட்டார் பூசாரி. திட்டின் ஒரு பக்கம் பொத்தென்று விழுந்தது. பறவை கத்தியது. நடிப்பில்லை, அந்தக் குரல் வேறு.

முனியாண்டி குழிக்குள் இறங்கினான்.

யாரும் சொல்லவில்லை. முதல் அடியில் முழங்கால், சேறு உள்ளே வாங்கியதில் அடுத்த அடியில் தொடை. நின்றுவிட்டான். வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினான், தண்ணீர் மூக்கு வரைக்கும் வந்துவிட்டதுபோல. திரும்பிவிடுவான் என்று நினைத்தேன். திரும்பவில்லை. அடுத்த காலை எடுத்து வைத்தான். பம்பைக்காரர், கை பழக்கத்திலோ என்னவோ, நனைந்த தோலில் அடிக்க ஆரம்பித்தார். முனியாண்டி திட்டை அடைந்து இரண்டு கைகளையும் குவித்து முட்டையை எடுத்தான். ஆள்காட்டி எழுந்து அவன் தலையில் ஒரு கொத்து கொத்தியது. இன்னொரு கொத்து. அவன் குனிந்துகொண்டே முன்னால் நடந்தான். அம்மன் பக்கத்துக் கரைதான் எதிரே இருந்தது, அதில் ஏறி, சந்நிதியில் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் திட்டு கரைந்து போயிருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நோட்டீஸ்ல தீமிதின்னுலா போட்டிருக்கு. இது எப்படி கணக்காவும்?"

"எரிஞ்சா தீ, எரியலன்னா தண்ணி. குழி அதே குழிதான்லா" என்றார் பூசாரி. "தலைமாட்டுலேர்ந்து ஆத்தா கிட்ட வரைக்கும் நடந்தான்ல. நீங்க பாக்கலையா?"

"அது சட்டப்படி..."

"தலைவரே" என்றாள் சரசு. மழைக்குள் இறங்கி வந்திருந்தாள். குரலை உயர்த்தவில்லை. "இவரு எப்ப நெருப்புக்குப் பயந்தாரு?"

அவள் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி முனியாண்டியிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. குவித்த கைகளைக் காட்டினான். "கையில முட்டை இருக்குலா" என்றான். சரசு அவன் மணிக்கட்டுக் காப்புக் கயிற்றிலேயே சாவியைக் கோத்து முடிந்துவிட்டாள். முடிந்துவிட்டுத்தான் அழுதாள்.

முட்டையைக் கொட்டகை ஓரத்தில் காய்ந்த சரளையில் வைத்துவிட்டு எல்லோரும் தள்ளி நின்றோம். பறவை வெகு நேரம் நம்பாமல் சுற்றியது, பிறகு வந்து உட்கார்ந்தது. மழை விட்ட மாலையில் நான்காவது குஞ்சும் அம்மா பின்னால் ஈரக் காலோடு நடந்து செம்பனைக்குள் போனது. பூசாரி குச்சியிலிருந்த காப்பை அவிழ்த்தார். எனக்கும் முனியாண்டிக்கும் அவிழ்த்துவிட்டார். தீ மிதிக்க வந்த மற்றவர்களுக்கு வேறு நாள் குறித்தார்கள்.

மறுநாள் முனியாண்டி லாரியில் என்னைக் கப்பலுக்கு ஏற்றிவிடக் கிளம்பினான். பினாங்கு வடக்கே இருக்கிறது. அவன் தெற்கே திருப்பினான். எங்கே போகிறாய் என்று கேட்டேன், கியரை மாற்றினான். ஈப்போவைத் தாண்டினோம், குகைகள் மறுபடியும் என்னைக் கடந்து போயின. கோப்பெங் பக்கத்தில் சாலையை ஒட்டி, லாரி விழுந்த அந்தப் பெரிய குட்டை, வெள்ளை மணல் கரையோடு பச்சையாகக் கிடந்தது. லாரியை ஓரங்கட்டினான். சாவியை எடுத்து என் கையில் கொடுத்தான். கரையிலிருந்த ஓர் ஆள்காட்டி அவனைப் பார்த்துக் கத்திக்கொண்டு எழும்பியது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய், முழங்கால் தண்ணீரில் நின்று, முகம் கழுவிக்கொண்டு வந்தான்.